அன்பிரேக்கபிள்: டேவிட் டன் நிஜமாகவே சூப்பர்ஹீரோவா, இல்லை எலைஜா ஏற்றிவிட்ட நம்பிக்கையா?

இரவுக்காட்சி:

இயக்குநர் ஷியாமளனின் 'அன்பிரேக்கபிள்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். 2000இல் வந்த படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை வேண்டுமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சி வரை எல்லாவற்றையும் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

கூடப் பார்த்த ரூம்மேட் "இதில் என்னடா சந்தேகம், அவன் சூப்பர்ஹீரோ, படமே அதுதானே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். எனக்குத்தான் குடைந்துகொண்டே இருக்கிறது. ரயில் கவிழ்ந்து 131 பேர் சாகிறார்கள், டேவிட் (புரூஸ் வில்லிஸ்) மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து வருகிறான். சரி, அதிர்ஷ்டம். வேலைக்கு ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை. அப்படிப்பட்டவர்கள் எல்லா ஆபீஸிலும் ஒருத்தராவது இருப்பார்கள். மகன் எடையைக் கூட்டிக்கொண்டே போக இவன் தூக்கிக்கொண்டே போகிறான், ஒரு காலத்தில் ஃபுட்பால் ஆடிய உடம்பு, தூக்கட்டுமே. ஸ்டேடியத்தில் வரிசையில் நிற்கும் ஒருவனைப் பார்த்து இவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்கிறான். வருடக்கணக்கில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவனுக்கு அந்த மூக்கு இருக்காதா? தனித்தனியாக எடுத்தால் எல்லாமே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இதையெல்லாம் ஒன்றாகக் கோத்து, நீ சாதாரண ஆள் இல்லை, காமிக்ஸில் வருகிற மாதிரி ஹீரோ என்று கொம்பு சீவிவிடுவது எலைஜா (சாமுவேல் எல். ஜாக்சன்), லேசாக மோதினாலே எலும்பு முறிகிற நோய் உள்ள காமிக்ஸ் பித்தன். கடைசியில் பார்த்தால் ரயிலைக் கவிழ்த்ததே அவன்தான். ஒரு கொலைகாரன் சொன்ன தியரியை நம்பி நாம் ஏன் டேவிடை சூப்பர்ஹீரோ என்று ஒத்துக்கொள்ள வேண்டும்?

எந்த இடத்தில் படம் 'ஆமாம், இவனுக்கு சக்தி இருக்கிறது' என்று அடித்துச் சொல்கிறது, அதுதான் என் கேள்வி. கூடவே இன்னொன்று: கடைசியில் இரண்டு வரி எழுத்து போட்டுப் படத்தை முடித்துவிட்டார்களே, அது என்ன அவசரம்? 'ஸ்பிளிட்', 'கிளாஸ்' இரண்டும் இதன் தொடர்ச்சி என்கிறார்கள், பார்க்கலாமா?

ரீல்பெட்டி:

நீங்கள் 'அந்த மூக்கு' என்று ஒதுக்கிவிட்டுப் போன இடத்தில்தான் பதில் இருக்கிறது. ஸ்டேடியத்தில் ராணுவ ஜாக்கெட் போட்டவனைப் பற்றி டேவிட் என்ன சொல்கிறான் என்று திரும்பப் பாருங்கள். துப்பாக்கி இருக்கிறது என்பதோடு நிற்கவில்லை, வெள்ளி நிறம், கறுப்புக் கைப்பிடி என்று அடையாளமும் சொல்கிறான். சோதனை போடுவதற்குள் அவன் வரிசையை விட்டு நழுவிவிடுகிறான், அதனால் டேவிடுக்குத் தான் சொன்னது சரியா தப்பா என்று தெரியவே தெரியாது. ஆனால் எலைஜா விடவில்லை, அந்த எலும்பை வைத்துக்கொண்டு சப்வே படிக்கட்டு வரை துரத்திப் போகிறான், கால் தவறி உருண்டு விழுகிறான், அவனுடைய கண்ணாடிக் கைத்தடி நொறுங்குகிறது, விழுந்து கிடக்கும் கோணத்திலிருந்து அவன் கண்ணுக்கு மேலே போகிறவனின் இடுப்பு தெரிகிறது. வெள்ளி நிறம், கறுப்புக் கைப்பிடி. அந்த நேரத்தில் டேவிட் அங்கே இல்லவே இல்லை. ஒருவன் ஏற்றிவிட்டு இன்னொருவன் நம்புகிற சமாசாரம் என்றால் இந்த ஷாட் எதற்கு?

ஆக, படம் பாதிகூடத் தாண்டுவதற்குள் பார்க்கிற நமக்கு பதில் சொல்லியாகிவிட்டது. பதில் தெரியாதவன் டேவிட் மட்டும்தான், அவனும் தெரிந்துகொள்ள விரும்பாதவன். என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் சஸ்பென்ஸ் 'இவனுக்கு சக்தி இருக்கிறதா' என்பது கிடையாது, 'இவன் அதை ஒப்புக்கொள்வானா' என்பதுதான். அதை வைத்துக்கொண்டு சமையலறைக் காட்சியைப் பாருங்கள். பையன் துப்பாக்கியை அப்பாவை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறான், சுட்டால் உனக்கு ஒன்றும் ஆகாது, நிரூபித்துக் காட்டுகிறேன் என்கிறான். அம்மா பதறுகிறாள். நான் செத்துவிடுவேன் என்று டேவிட் சொல்லிப் பார்க்கிறான், பையன் மசியவில்லை. சுட்டால் நான் நியூயார்க்குக்குக் கிளம்பிவிடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் துப்பாக்கி கீழே இறங்குகிறது. அப்பா சாவார் என்பதை நம்பாத பையன் அப்பா வீட்டை விட்டுப் போய்விடுவார் என்பதை உடனே நம்புகிறான். அந்த வீட்டு நிலவரம் முழுக்க அதில் வந்துவிட்டது.

நிலவரம் என்றதும் ஞாபகம் வருகிறது, ரயில் காட்சியை யாராவது கவனித்தீர்களா? பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்காரப்போகிறாள் என்றதும் டேவிட் கல்யாண மோதிரத்தைக் கழற்றுகிறான். நம் சூப்பர்ஹீரோவின் அறிமுகம் இதுதான்! காமிரா முன்சீட்டுகளின் இடுக்கு வழியாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து எட்டிப்பார்க்கிறது, வெட்டே கிடையாது.

அப்புறம் ஆஸ்பத்திரி ஷாட். தூரத்தில் டேவிடும் டாக்டரும் பேசுகிறார்கள், நமக்கு மிக அருகில், கொஞ்சம் மங்கலாக, வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உடம்பு. தப்பிய இன்னொருவன். டாக்டர் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், ஏதாவது அடிபட்டதா என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருக்க, முன்னால் அந்தத் துணியில் ஒரு சிவப்புப் புள்ளி வருகிறது, பேச்சு நீள நீளப் பரவுகிறது. டேவிட் மட்டும்தான் மிச்சம் என்பதை டாக்டர் சொல்வதற்கு முன்பே நம் கண் கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரு பறக்கிற காட்சி இல்லாமல், ஒரு கிராஃபிக்ஸ் இல்லாமல் இவ்வளவு பதற்றத்தைக் கொண்டுவருவதற்குத் தனித் திறமை வேண்டும். ஒளிப்பதிவு எடுவார்டோ செர்ரா.

ஆர்த்தோ வார்டு:

சினிமா நுணுக்கம் எனக்குத் தெரியாது, எலும்பு பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், வேலையே அதுதான்.

எலைஜாவுக்கு இருப்பது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, நிஜமான நோய். எலும்பு என்றால் சுண்ணாம்புச் சத்து மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அதற்கு இழுவை கொடுப்பது கொலாஜன் என்கிற புரதம். முதல் வகைக் கொலாஜனை உருவாக்கும் மரபணுவில் கோளாறு இருந்தால் எலும்பு லேசாக மோதினாலே முறியும். பல பேருக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதி நீலமாகத் தெரியும், பல் வலுவிழக்கலாம், பின்னாளில் காதும் மந்தமாகலாம். படத்தில் எலைஜா தனக்கு இருப்பது டைப் 1, இருப்பதிலேயே லேசான வகை, அதற்கே 54 முறை முறிந்திருக்கிறது என்கிறான். லேசான வகை என்பது சரி. அடுத்து டைப் 4 ஆட்கள் ரொம்ப நாள் தாங்க மாட்டார்கள் என்று ஏறுவரிசையாக அடுக்குகிறான் பாருங்கள், அது தவறு. உயிருக்கே உலை வைப்பது டைப் 2, பெரும்பாலான குழந்தைகள் பிறப்பை ஒட்டியே இறந்துவிடும். பிழைப்பவர்களில் மோசமானது டைப் 3. டைப் 4 நடுத்தரம். எண்ணுக்கும் கடுமைக்கும் சம்பந்தமே இல்லை. முதல் காட்சியில் குழந்தை கைகால் முறிந்தே பிறக்கிறதே, அதுவும் டைப் 1க்குப் பொருந்துவது கஷ்டம், அவர்களுக்கு வழக்கமாக நடக்கப் பழகி விழ ஆரம்பித்த பிறகுதான் முறிவுகள் வரும்.

இனி டேவிட். இப்படி நேர் எதிராக முறியவே முறியாத எலும்பு யாருக்காவது உண்டா? கிட்டத்தட்ட உண்டு. எல்ஆர்பி5 என்று ஒரு மரபணு, அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருக்கும் குடும்பங்களுக்கு எலும்பு அடர்த்தி சாதாரண ஆட்களைவிட மிக அதிகம். கார் விபத்தில் சிக்கி, ஒரு முறிவும் இல்லாமல், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அகப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் அப்படி ஒரு குடும்பத்தை வைத்து யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு 2002இல் வந்தது, அதாவது படம் வந்து இரண்டு வருடம் கழித்து. இந்த மாதிரி எலும்பு உள்ளவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? நீச்சல் குளத்தில் மிதக்க முடிவதில்லை, உடம்பு அமிழ்ந்துபோகிறது. டேவிடின் பலவீனம் தண்ணீர் என்று ஷியாமளன் எழுதியது இதைத் தெரிந்து எழுதியிருக்க வழியில்லை, ஆனாலும் எனக்குப் புல்லரித்தது.

ஆனால் எலும்பு உடையாததால் மட்டும் ரயில் விபத்தில் பிழைத்துவிட முடியாது. மூளை மண்டைக்குள் மோதும், கல்லீரல் கிழியும், ரத்தக்குழாய் அறுந்துபோகும். அதனால் இரவுக்காட்சி, உங்கள் ரூம்மேட் பக்கம்தான் நான், விஞ்ஞானத்தில் அதற்கு விளக்கம் கிடையாது.

இடைவேளை முறுக்கு:

எல்லோரும் சேர்ந்து தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள், ஒருத்தராவது உண்மையைச் சொல்ல வேண்டும். படம் ஜவ்வு. ஆளுக்கு ஆள் கிசுகிசுவென்று பேசுகிறார்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் போய் டீ குடித்துவிட்டு வரலாம். இதே ஷியாமளனின் 'சிக்ஸ்த் சென்ஸ்' (1999) அடித்த அடியில் அதே மாதிரி இன்னொன்று என்று சொல்லித்தானே விற்றார்கள், தியேட்டருக்குப் போனவன் பேய் வரும் பேய் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் செக்யூரிட்டி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஒருத்தர் வருகிறார்.

சண்டை என்று ஒன்றாவது இருக்கிறதா? ஒரு வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே சிறைபிடித்திருக்கும் ஆரஞ்சு உடுப்புக்காரனின் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தொங்குகிறார், அவன் இவரைச் சுவரில் மோது மோதென்று மோதுகிறான், கடைசியில் அவன் மூச்சடங்கி விழுகிறான். முடிந்தது. அந்த வீட்டு அப்பா ஏற்கெனவே செத்துவிட்டார், அம்மாவும் செத்துக் கிடக்கிறாள், ரெண்டு பிள்ளைகளைத்தான் காப்பாற்ற முடிகிறது. அதிலும் நடுவில் இவரே நீச்சல் குளத்தில் விழுந்து மூழ்க, அந்தப் பிள்ளைகள்தான் கழியை நீட்டி இவரைக் காப்பாற்றுகிறார்கள். இப்படி ஒரு ஹீரோ!

முடிவு பற்றி இரவுக்காட்சி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அவ்வளவு நேரம் அணு அணுவாக இழுத்துவிட்டு, போலீஸுக்குத் தகவல் போனது, எலைஜா மனநலக் காப்பகத்தில் இருக்கிறார் என்று துண்டுச் சீட்டு நீட்டினால் எப்படி?

ரீல்பெட்டி:

முறுக்கு, நீங்கள் திட்டுவதற்காகச் சொன்ன அந்தப் பத்தியைத்தான் நான் பாராட்டுவதற்கு எழுத நினைத்தேன். பாதிப் பேரைத்தான் காப்பாற்ற முடிகிறது, அடியும் வாங்குகிறான், பிள்ளைகள் உதவி இல்லாவிட்டால் செத்திருப்பான். சாதாரண மனிதன் என்று ஒன்றரை மணி நேரம் சொல்லிவிட்டு அந்த ஒரு ராத்திரி மட்டும் பறந்து பறந்து அடித்தால் முன்னால் எடுத்த படத்தையே கிழித்துப் போட்ட மாதிரி ஆகாதா?

விற்ற விதம் பற்றிச் சொன்னது சரி. காமிக்ஸ் படம் என்று சொன்னால் கூட்டம் வராது என்று ஸ்டுடியோ பயந்தது. ஷியாமளனே பிற்பாடு பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். முதல் 'எக்ஸ்மென்' வந்ததே அதே 2000 ஜூலையில், 'ஸ்பைடர்மேன்' வந்தது 2002இல். இயக்குநர் டரான்டினோ 2009இல் தனக்குப் பிடித்த படங்களின் பட்டியலில் இதையும் சேர்த்து, தான் சூப்பர்மேன் என்பது சூப்பர்மேனுக்கே தெரியாமல் நம் நடுவில் இருந்தால் எப்படி இருக்கும் என்று விளம்பரம் செய்திருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் சொன்னார். வாஸ்தவம்தான், ஆனால் அப்படி விற்றிருந்தால் இரவுக்காட்சிக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது, படத்தின் முதல் பாதியும் செத்திருக்கும்.

காமிக்ஸ்மூட்டை:

முடிவில் வரும் எழுத்தைப் பற்றி. படம் ஆரம்பிப்பதும் எழுத்தில்தான் என்பதை யாரும் சொல்லவில்லையே. ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் சராசரியாக 35 பக்கம், 124 படங்கள் இருக்கும் என்று புள்ளிவிவரத்தோடுதான் முதல் காட்சியே வருகிறது. காமிக்ஸ் கட்டத்தின் மூலையில் ஒரு பெட்டி போட்டு விவரம் எழுதுவார்களே, அந்த மாதிரி தொடங்கி அந்த மாதிரியே முடிக்கிறார். யோசனை புரிகிறது. ஆனால் எனக்கும் முடிவு உறுத்தத்தான் செய்தது, எலைஜாவோடு கைகுலுக்கி, அவன் செய்ததெல்லாம் டேவிடுக்குத் தெரிந்த அந்த நொடியில் இருட்டடித்திருந்தால் போதும்.

மற்றபடி காமிக்ஸ் சேர்க்கிறவர்களுக்கு இந்தப் படம் விருந்து. டேவிடுக்குப் பச்சை, எலைஜாவுக்கு ஊதா என்று நிறம் பிரித்திருக்கிறார். சின்னப் பையன் எலைஜா வெளியே வரப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது அவன் அம்மா ஊதாக் காகிதத்தில் சுற்றிய காமிக்ஸைத் தெருவுக்கு எதிரே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு, வேண்டும் என்றால் போய் எடுத்துக்கொள் என்பாள். அவன் பிரிக்கும்போது புத்தகம் தலைகீழாக இருக்கும், அவன் திருப்பத் திருப்பக் காமிராவும் கூடவே சுற்றும். வில்லன் என்று பின்னால் தெரியப்போகிறவனுக்கு இவ்வளவு அன்பான காட்சி! (அம்மாவாக நடித்த சார்லேன் வுடர்ட் நிஜத்தில் ஜாக்சனைவிட வயதில் சின்னவர்.) தொட்டாலே ஒருவர் செய்த குற்றம் டேவிடுக்குத் தெரிந்துவிடும், அப்படி அவன் தொட்டுப் பார்க்கும் குற்றவாளிகளும் அந்த சாம்பல் நிறக் கூட்டத்தில் ஒருத்தி சிவப்பு, ஒருத்தன் ஆரஞ்சு என்று பளிச்சென்று வருவார்கள்.

ஷியாமளன் பிறந்தது நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில், 1970. அம்மா தமிழர், அப்பா மலையாளி. வளர்ந்தது பிலடெல்ஃபியா பக்கம், அதனால்தான் அவர் கதைகள் அந்த ஊரையே சுற்றிச் சுற்றி வருகின்றன. இதிலும் ஸ்டேடியத்தில் டேவிட் சந்தேகப்பட்டுச் சோதிக்கும் ஓர் ஆளாக வந்துபோகிறார்.

இரவுக்காட்சி:

எல்லோருக்கும் நன்றி. சப்வே படிக்கட்டுக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், துப்பாக்கி விஷயத்தில் ரீல்பெட்டி சொல்வதை மறுக்க வழியில்லை. முப்பதாவது தெரு ஸ்டேஷனில் கையை விரித்துக்கொண்டு நின்று, மேலே உரசிப் போகிறவர்கள் செய்த குற்றமெல்லாம் தெரிகிற இடத்தில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விடுகிறது, சரி.

ஆனால் எலைஜாவின் வாதம் என்னவோ எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. டேவிடுக்கு நோயே வந்ததில்லை என்கிறான். சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கி, நிமோனியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை தெரியவருகிறது. உடனே என்ன சொல்கிறான்? எல்லா ஹீரோவுக்கும் ஒரு பலவீனம் இருக்கும், உனக்குத் தண்ணீர். கார் விபத்தில் அடிபட்டுத்தானே ஃபுட்பாலை விட்டாய் என்றால், அடிபடவே இல்லை, கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு அந்த விளையாட்டு பிடிக்கவில்லை என்று நடித்திருக்கிறாய் என்கிறான். எதைக் கொண்டுவந்து போட்டாலும் அதையே தன் கட்சிக்கு சாட்சியாக்கிக்கொள்கிறான். ஜோசியக்காரர்கள் வேலை இது. அது கடைசியில் உண்மையாகவும் இருந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

ரீல்பெட்டி:

ஜீரணமாகக் கூடாது என்றுதான் எடுத்திருக்கிறார். எலைஜாவின் ஆராய்ச்சி முறை தப்பு, விடை சரி. இன்னொன்றும் பாருங்கள், டேவிட் சாதாரண ஆள் என்றால் எலைஜா யார்? காரணமே இல்லாமல் ரயிலையும் விமானத்தையும் ஹோட்டலையும் நாசமாக்கிய கொலைகாரன், அவ்வளவுதான். டேவிட் ஹீரோ என்றால்தான் எலைஜாவுக்குக் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. டேவிடைவிட அவனுக்குத்தான் இந்த விடை தேவைப்பட்டது, அதனால்தான் அப்படிப் பிடிவாதம் பிடிக்கிறான்.

டேவிடின் பக்கத்தில் நிரூபணம் எலும்பும் எடையும் இல்லை. காலையில் கண் விழிக்கும்போது இனம் தெரியாத ஒரு வருத்தம் இருக்கும் என்று முன்பே சொல்லியிருப்பான். அந்த வீட்டில் பிள்ளைகளைக் காப்பாற்றிய மறுநாள், அந்த வருத்தம் இன்று இருந்ததா என்று எலைஜா கேட்கிறான். இல்லை என்கிறான். அந்தக் காலையில்தான் பேப்பரை மகன் பக்கம் நகர்த்தி, மழைக்கோட்டு ஆளை வரைந்திருக்கும் படத்தைக் காட்டி, நீ சொன்னது சரி என்று தலையாட்டுகிறான், அம்மாவிடம் சொல்லாதே என்று வாயில் விரல் வைக்கிறான். பையன் அழுகிறான். உங்கள் கேள்விக்கு நேரடி பதில் வேண்டுமென்றால் அந்த இட்லி நேரத்துக் காட்சிதான், அவர்கள் சாப்பிடுவது இட்லி இல்லை என்றாலும்.

காமிக்ஸ்மூட்டை:

தொடர்ச்சி பற்றிக் கேட்டதை எல்லோரும் மறந்துவிட்டோம். 'ஸ்பிளிட்' 2017 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது, ஜேம்ஸ் மெக்கவாய்க்காகவே பார்க்கலாம். அவர் நடித்த கதாபாத்திரம் 'அன்பிரேக்கபிள்' ஸ்கிரிப்டிலேயே முதலில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார் என்று ஷியாமளன் சொல்லியிருக்கிறார். வந்தபோது இது தொடர்ச்சி என்று யாருக்கும் தெரியாது, கடைசி நிமிடத்தில் டேவிட் தலைகாட்டியபோதுதான் புரிந்தது. உங்களுக்கு அந்த அதிர்ச்சி போய்விட்டது, பரவாயில்லை.

'கிளாஸ்' (2019) பற்றி மட்டும் ரெண்டு அபிப்பிராயம் உண்டு. முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு மனநல டாக்டர் (சாரா பால்சன்) டேவிடை உட்காரவைத்து, இதெல்லாம் உன் கற்பனை, எல்லாவற்றுக்கும் சாதாரண விளக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உடைக்கப் பார்ப்பாள். அப்படியே நீங்கள் முதல் பதிவில் எழுதியதுதான். மகன் ஜோசஃபாக அதே பையன், ஸ்பென்சர் ட்ரீட் கிளார்க், வளர்ந்து வருவான்.

இடைவேளை முறுக்கு:

ரூம்மேட்டை எழுப்பாமல் தனியாகப் பாருங்கள். 'கிளாஸ்' முடிந்ததும் திட்டுவதற்கு இங்கே வாருங்கள், துணைக்கு நான் இருக்கிறேன்.